ஒரு கணக்கிற்கு ஒரே வாயில்

நம் சங்கங்களின் பேரேடுகள் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறி வருவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஒரே பொது மென்பொருளின்கீழ்க் கொணரும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. மாற்றம் நன்றே. எனினும் தாம்பரம், படப்பை, குன்றத்தூர் வட்டாரங்களில் ஆய்வுக்குச் செல்லுங்கால் நாம் காணும் சிறு குறை ஒன்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கணினியைத் திறந்தவுடன் முகப்புத் திரையில் சிறு படங்கள் வரிசையாகத் தோன்றும். அவற்றுள் பல 'ஷார்ட்கட்' எனப்படும் குறுக்குவழிகள். குறுக்குவழி என்பது கணக்கன்று. கணக்கு இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டி மரமே. விண்டோஸ் கணினியில் அதன் இடது கீழ்மூலையில் சிறிய அம்புக்குறி இருக்கும். கைகாட்டியைப் பிடுங்கினால் ஊர் அழிந்துவிடுமா? அதுபோலவே குறுக்குவழியை நீக்கினாலும் கணக்கு அழியாது.

அங்ஙனமாயின், அவை பல இருப்பதால் என்ன கேடு என்று வினவலாம். ஒரே பேரேட்டிற்கு நான்கைந்து படங்கள் நிற்குமிடத்தில், அப்பேரேட்டின் நகல் ஒன்று கலந்து நின்றாலும் எளிதில் புலப்படாது. நகலோ வெறும் கைகாட்டியன்று, தனியொரு பேரேடு. அதில் எழுதியது மூலத்தில் ஏறாது.

ஒரு நெசவாளர் சங்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கத்தினர் ஒருவர் பாவு நூலுக்கான பாக்கியை முழுவதும் செலுத்தி, ரசீதும் பெற்றார். குமாஸ்தா அவசரத்தில் சென்ற ஆண்டு நகலைத் திறந்து வரவு வைத்துவிட்டார். சில மாதங்களுக்குப் பின் தவணை தவறியவர் பட்டியலில் அந்நெசவாளர் பெயர் ஏறியது. மறு நூலும் நிறுத்தப்பட்டது. தறி ஓயாமல் காத்தது, அவர் பத்திரமாக வைத்திருந்த ரசீதுதான். குமாஸ்தா நேர்மையானவரே, திரைதான் அவரை ஏமாற்றியது.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. முதலில், ஒவ்வொரு படத்தின்மீதும் வலப்பொத்தானை அழுத்தி, அதன் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியைப் பார்க்கவேண்டும். குறுக்குவழியாயின் அது சுட்டும் இடம் அங்கே காட்டப்படும். ஒரே இடத்தைச் சுட்டுபவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனையவற்றை நீக்கலாம். எஞ்சியதற்குக் கணக்கின் பெயரையும் ஆண்டையும் தமிழில் தெளிவாக இடவேண்டும். நகல்களை மட்டும் ஒருபோதும் உடனே அழிக்கலாகாது. மூலத்தோடு ஒப்பிட்டு, விடுபட்ட வரவுகளை உரிய அனுமதியுடன் சரிசெய்த பின்னர், 'பழைய கணக்கு' என்ற தனி உறையில் அவற்றை வைக்கவேண்டும்.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில், பயன்படாத குறுக்குவழிகளை அகற்றலாமா என்று 60 நாள்களுக்கு ஒருமுறை கணினியே கேட்கும் ஏற்பாடு இருந்தது. இன்று அப்பணியை நாமே நினைவாகச் செய்தல் வேண்டும். மாத முடிவில் இருப்புக் கணக்கு எடுக்கும் நாளன்றே திரையையும் துப்புரவு செய்வது நலம்.

அங்கத்தினர்களுக்கும் இதில் கடமை உண்டு. பணம் செலுத்தியதும் ரசீதோடு நின்றுவிடாமல், கணினியில் தம் கணக்கின் இருப்பைக் காட்டும்படி கேட்கவேண்டும். அது குமாஸ்தாவை ஐயுறுவதாகாது. தமது சங்கத்தின் கணக்கைத் தாமே அறிந்துகொள்வது கூட்டுறவின் முதற்பாடம் அன்றோ!