நிபந்தனை ஏன் பொய்த்தது?

'மழை பெய்தால் பயிர் விளையும்' என்னும் தொடரில் நிபந்தனையை உணர்த்துவது 'ஆல்' என்னும் விகுதி. சி என்னும் நிரல்மொழியில் அப்பணியைச் செய்வது 'இஃப்' என்னும் சொல். தொடரமைப்பில் பிழை ஏதும் இல்லாதிருந்தும் நிபந்தனை பொய்ப்பதுண்டு. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் தமிழெழுத்தையே சான்றாகக் கொண்டு காண்போம்.

ஒருங்குறியின் யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக அமைகிறது. அகரத்திற்கு உரியவை 224, 174, 133. முதற்பைட்டு எப்போதும் 224; இரண்டாவது 174 அல்லது 175. சிறிய மின்னெழுத்துப் பலகை ஒன்றை இயக்கும் நிரலில், 'வந்த பைட்டு 224க்குச் சமமாயின், அடுத்த பைட்டையும் நோக்குக' என நாம் எழுதுவதாகக் கொள்வோம். ஆர்ம் வகை நுண்கட்டுப்படுத்தியில் அது செவ்வனே இயங்குகிறது. அதே நிரலை ஏவிஆர் வகைக்கு மாற்றியதும் ஆங்கிலம் தோன்றுகிறது, தமிழ் தோன்றவில்லை.

கம்பியையோ எழுத்துருவையோ ஐயுறுவது இயல்பு. ஆயினும் ஆங்கிலம் சரியாக வருவதால் கம்பி குற்றமற்றது. அடுத்து, ஒப்பிடப்படும் மதிப்பை எண்ணாக அச்சிட்டுப் பார்க்கிறோம். 224 வரவேண்டிய இடத்தில் -32 வருகிறது. குற்றம் இங்கேதான் உள்ளது.

'ஆறு' என்னும் ஒரே சொல் எண்ணையும் நதியையும் வழியையும் குறிப்பதுபோல, 11100000 என்னும் ஒரே பிட்டு வரிசைக்கும் இரு பொருள் உண்டு. குறியிலா எண்ணாகப் படித்தால் 224. குறியுடை எண்ணாகப் படித்தால் 256 குறைந்து -32. 'கேர்' என்னும் எழுத்து வகையை எவ்வாறு படிப்பது என்பதைச் சி மொழியின் தரவரையறை தொகுப்பானின் முடிவுக்கே விட்டுவிட்டது. ஆர்ம் தொகுப்பான்கள் பொதுவாகக் குறியிலா எண்ணாகவும், ஏவிஆருக்கான ஜிசிசி இயல்பாகக் குறியுடை எண்ணாகவும் கொள்கின்றன. குறியுடை வகையின் எல்லை -128 முதல் 127 வரை. ஒப்பிடும்போது இரு பக்கமும் பெரிய முழுவெண்களாக விரிக்கப்படுவதால் -32 ஒருபோதும் 224 ஆகாது. நிபந்தனை என்றென்றும் பொய்யே. ஆங்கில எழுத்துகளின் மதிப்புகள் 128க்குக் கீழ் அமைவதால் அவற்றுக்கு இவ்விடர் இல்லை.

தீர்வு எளிது. அம்மாறியை 'அன்சைன்டு கேர்' என வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். ஜிசிசியில் கூடுதல் எச்சரிக்கைகளை இயக்கினால், இவ்வொப்பீடு எப்போதும் பொய் எனத் தொகுப்பானே உரைக்கும். மாணவர்கள் அவ்வெச்சரிக்கையைப் புறக்கணிக்காது படிக்கப் பழகவேண்டும்.

இவ்வாறான பலகையைக் காணும் மாணவர், 'சிறு கருவிகளுக்குத் தமிழ் ஒவ்வாது' என முடிவு கட்டிவிடக்கூடும். கருவி தமிழை மறுக்கவில்லை. எப்பொருளில் படிக்கவேண்டும் என்பதை நாம் சொல்லாது விட்டோம். இவ்வேறுபாட்டை வகுப்பறையில் விளக்கிக் காட்டுவது ஆசிரியர் கடமையாகும்.