அழுக்கான ஆறுகளுக்குப் பட்டியல் உண்டு. தூய ஆறுகளுக்குச் சட்டம் இல்லை

புது தில்லி: பெங்களூருவின் தெற்கே, ஒசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ளது எலெக்ட்ரானிக் சிட்டி. கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ் 1978-ல் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் இத்தொழில் நகரத்தை உருவாக்கியது. பின்னர் அது இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் முகவரியாகவே மாறிவிட்டது. ஆனால், அதைச் சுற்றியுள்ள ஆனேக்கல் வட்டத்தின் ஏரிகள் அதே காலகட்டத்தில் கழிவுநீர்த் தேக்கங்களாக மாறிப்போயின.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில கிலோ மீட்டர் தொலைவில் உள்ள சந்தாபுரா ஏரி இதற்கு ஓர் உதாரணம். இந்த ஏரியைப் பாதுகாக்கத் தவறியதற்காக கர்நாடக அரசுக்கு ரூ.500 கோடி சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்து, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. பெல்லந்தூர், வர்த்தூர் உள்ளிட்ட ஏரிகள் தொடர்பான வழக்கிலும் 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு ரூ.50 கோடியும், பெங்களூரு மாநகராட்சிக்கு ரூ.25 கோடியும் அதே தீர்ப்பாயம் விதித்திருந்தது.

பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீர் சேருமிடம் கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்றும், தமிழகத்தில் தென்பெண்ணை என்றும் அழைக்கப்படும் ஆறு. ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் அடிக்கடி எழும் வெண்ணுரை, மேலே நடப்பதைக் கீழே உள்ள விவசாயிகளுக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது.

இரு உத்தரவுகளும் கடுமையானவை. ஆனால், இரண்டுமே நீர்நிலை கெட்டபின் வந்தவை. இன்னும் கெடாமல் இருக்கும் ஓர் ஆற்றை, கெடாமலேயே வைத்திருக்க இந்தியச் சட்டத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை.

மூன்று மில்லி கிராம் கணக்கு: நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் உறிஞ்சும் ஆக்சிஜனின் அளவை பி.ஓ.டி. என்பர். லிட்டருக்கு 3 மில்லி கிராமுக்கு மேல் பி.ஓ.டி. இருக்கும் ஆற்றுப் பகுதியை, மாசடைந்த பகுதி என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியலிடுகிறது. 2018-ல் இப்பட்டியலில் 351 பகுதிகள் இருந்தன. 2022-ல் 311 பகுதிகள். இவற்றைக் குறைந்தபட்சம் குளிக்கத் தகுந்த தரத்துக்குக் கொண்டுவர ஒவ்வொரு மாநிலமும் நதி மறுசீரமைப்புக் குழு அமைக்க வேண்டும் எனப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 செப்டம்பரில் உத்தரவிட்டது. பட்டியலில் இடம்பெறும் ஆற்றுக்குக் குழு, திட்டம், காலக்கெடு எல்லாம் உண்டு. பட்டியலில் இல்லாத ஆற்றுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

ஓர் ஓடையில் பி.ஓ.டி. 1 மில்லி கிராமாக இருந்தால், அது 3 மில்லி கிராமாக உயரும்வரை பட்டியல் அதைக் கண்டுகொள்வதில்லை. தூய்மையாக இருப்பதே, மேலும் கழிவைக் கலப்பதற்கான இடைவெளியாகிவிடுகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரநிலைப்படி, உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் பி.ஓ.டி. 30 மில்லி கிராம் வரை இருக்கலாம். அது சாக்கடையாகிவிட்ட ஆற்றில் சேர்ந்தாலும், மலையோடையில் சேர்ந்தாலும் அளவு ஒன்றே. கழிவுநீரைப் போலப் பத்து மடங்கு நல்ல நீர் ஓடினால்தான் அந்த 30 ஏறக்குறைய 3 ஆகக் குறையும். கோடையில் சிற்றோடைகளில் அவ்வளவு நீருக்கு எங்கே போவது?

மீனுக்கும் ஒரே அளவுகோல்: நீர்நிலைகளை அவற்றின் பயன்பாட்டை வைத்து ஐந்து வகைகளாக வாரியம் பிரித்துள்ளது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தகுந்தது 'ஏ' வகை. குளிப்பதற்கு 'பி', வழக்கமான சுத்திகரிப்புக்குப் பிறகு குடிப்பதற்கு 'சி', வன உயிரினங்களுக்கும் மீன்வளத்துக்கும் 'டி', பாசனத்துக்கு 'இ'. இதில் 'ஏ' வகை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லி கிராமுக்குக் குறையக் கூடாது. மீன்களுக்கான 'டி' வகைக்கு 4 மில்லி கிராம் போதும்.

சமவெளி ஆறுகளின் கெண்டை மீன்களுக்கு இந்த அளவு ஒத்துவரலாம். குளிர்ந்த, ஆக்சிஜன் செறிந்த ஓடைகளிலேயே வாழும் டிரவுட் மீனுக்கு அது போதாது. டிரவுட் செழிக்கும் நீர் ஏறக்குறைய குடிநீர்த் தரத்தில் இருந்தாக வேண்டும். அந்த மீன் மறைந்தால், ஓடையில் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். ஆனால், நமது வகைப்பாட்டில் குளிர்நீர் ஓடைக்கெனத் தனி இடம் ஏதுமில்லை.

நீலகிரியின் பழைய சட்டம்: தமிழகத்துக்கு இவ்விஷயம் புதிதல்ல. நீலகிரி வேட்டை விலங்குகள் மற்றும் மீன்கள் பாதுகாப்புச் சட்டத்தை அன்றைய சென்னை மாகாண அரசு 1879-லேயே இயற்றியது. பின்னர் ஹெச்.சி. வில்சனின் முயற்சியால் 1907-ல் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. 1897-ன் இந்திய மீன்வளச் சட்டம், வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடை செய்தது.

வெள்ளையரின் பொழுதுபோக்குக்காக எழுதப்பட்ட 1879-ம் ஆண்டுச் சட்டம் மீனைக் காத்ததே தவிர, அது நீந்தும் நீரைக் காக்கவில்லை. டிரவுட்டும் இந்நாட்டு மீன் அல்ல. அது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. எனவே, இன்று பாதுகாக்க வேண்டியது அந்த மீனை விட, அதை வாழவைத்த குளிர்ந்த நீரையே.

அந்த நீர் எங்கே செல்கிறது என்பதைப் பார்த்தால் இதன் அவசியம் புரியும். மேல்பவானி, அவலாஞ்சிப் பகுதி ஓடைகள் பவானி ஆற்றுக்கு நீர் தருபவை. அதே பவானி, சிறுமுகை முதல் காலிங்கராயன் வரையிலான பகுதியில், 2018-ம் ஆண்டு மாசுப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரே ஆற்றின் தலைப்பகுதியில் டிரவுட் ஓடை. சமவெளியில் மாசுப் பட்டியல். காடும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவும் இருக்கும் இடங்களில் வனச் சட்டங்கள் ஓடைகளையும் சேர்த்துக் காக்கின்றன. வன எல்லையைத் தாண்டியதும் அந்தக் காப்பு முடிந்துவிடுகிறது.

நாடாளுமன்றத்தில் நடந்தது: நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ல் இயற்றப்பட்டது. நீர், மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். எனவே, மாநிலச் சட்டப்பேரவைகளின் தீர்மானத்தைப் பெற்று, அரசியல் சாசனத்தின் 252-வது பிரிவின் கீழ் நாடாளுமன்றம் இதை நிறைவேற்றியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2024 பிப்ரவரியில் இதற்கான திருத்த மசோதா மாநிலங்களவையில் 6-ம் தேதியும், மக்களவையில் 8-ம் தேதியும் நிறைவேறியது.

நீர்நிலையில் மாசுப் பொருளைக் கலப்பதற்கு முன்பு ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறைத் தண்டனை இருந்தது. திருத்தம் அதை நீக்கி, ரூ.10 ஆயிரம் முதல் ரூ.15 லட்சம் வரை அபராதம் என மாற்றியது. சிறு தவறுகளுக்குச் சிறை என்ற அச்சம் நீங்கித் தொழில் செய்வது எளிதாகும் என்பது அரசுத் தரப்பு வாதம். பெரிய நிறுவனங்களுக்கு ரூ.15 லட்சம் ஒரு தொகையே அல்ல என்பது எதிர்த்தரப்பு வாதம். தூய்மையான ஆறுகளுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்பது மசோதாவின் பிரிவுகளில் இடம்பெறவில்லை.

இத்திருத்தம் முதலில் நடைமுறைக்கு வந்த மாநிலங்கள் ராஜஸ்தானும் ஹிமாசலப் பிரதேசமும். டிரவுட் ஓடைகளுக்குப் பெயர்பெற்ற மாநிலம் ஹிமாசலம். அங்கு மணாலி அருகே, பியாஸ் ஆற்றின் போக்கையே ஒரு சொகுசு விடுதிக்காக மாற்ற முயன்ற வழக்கில்தான், ஆறுகள் மக்கள் சொத்து, அரசு அவற்றின் அறங்காவலர் மட்டுமே என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் நிலைநாட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில், வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் அந்நீதிமன்றம் ஏற்றது. கோட்பாடுகள் வந்து பல ஆண்டுகளாகியும், அவற்றைத் தூய ஆறுகளுக்குப் பொருத்தும் விதிகள் எழுதப்படவில்லை. கடலோரத்துக்கு 1991-லேயே ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்துவிட்டது. ஆற்றோரத்துக்கான அத்தகைய யோசனையோ பல ஆண்டுகள் வரைவு நிலையிலேயே கிடந்தது.

பிற நாடுகளில்: அமெரிக்கா 1968-ல் இயற்றிய சட்டத்தின் மூலம் எட்டு ஆறுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் அணைகளுக்குத் தடை விதித்தது. பின்னர் இப்பட்டியல் பெருமளவு விரிந்தது. அங்குள்ள பென்சில்வேனியா மாநிலம் ஓடைகளை 'உயர்தர நீர்', 'ஒப்பற்ற மதிப்புடைய நீர்' என வகைப்படுத்துகிறது. இயற்கையாக டிரவுட் பெருகுவது இத்தகுதிக்கான அளவுகோல்களில் ஒன்று. முதல் வகையில், சமூக, பொருளாதாரத் தேவையை நிரூபித்தால் மட்டுமே தரத்தைச் சற்றுக் குறைக்க முடியும். இரண்டாவது வகையில் அதற்கும் இடமில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2000-ம் ஆண்டின் நீர்க் கொள்கை ஆணையில் எந்த ஆற்றின் நிலையும் இன்றுள்ளதைவிடத் தாழக் கூடாது என்று விதித்தது. ஜெர்மனியின் வேசர் ஆற்று வழக்கில், ஆற்றின் நிலையைத் தாழ்த்தக்கூடிய திட்டத்துக்கு, விதிவிலக்குக்கான காரணம் இருந்தாலன்றி, அனுமதி மறுக்க வேண்டும் என ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய உதாரணம் பாகீரதி. கோமுகம் முதல் உத்தரகாசி வரை ஏறக்குறைய 100 கி.மீ. நீளமுள்ள பகுதியை, அதன் நீர்ப்பிடிப்புப் பரப்புடன் சேர்த்து, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2012 டிசம்பரில் மத்திய அரசு நுண்ணுணர்வு மண்டலமாக அறிவித்தது. வளர்ச்சிப் பணிகள் முடங்கும் என உத்தரகண்ட் அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. 2018-ல் அறிவிக்கை திருத்தப்பட்டது.

மலை மாநிலங்களின் இந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. ஓடையைத் தூய்மையாக வைத்திருப்பதன் பயன் கீழேயுள்ள நகரங்களுக்கும், அதற்கான கட்டுப்பாடு மேலேயுள்ள கிராமங்களுக்கும் என்றால் அது நியாயமாகாது. பாதுகாப்பை ஏற்கும் பகுதிகளுக்கு ஈடு தரும் ஏற்பாடும் விதிகளிலேயே இருக்க வேண்டும்.

கையிலிருக்கும் அதிகாரம்: இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1974-ம் ஆண்டுச் சட்டத்தின் 16-வது பிரிவு, மாநில அரசுடன் கலந்து, நீரின் தரத்தையும் ஓட்டத்தையும் கருதி வெவ்வேறு ஓடைகளுக்கு வெவ்வேறு தரநிலைகளை வகுக்க மத்திய வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. மாநிலத்தின் நீர்நிலைகளை வகைப்படுத்துவது 17-வது பிரிவின்படி மாநில வாரியங்களின் கடமை. குறிப்பிட்ட பகுதிகளில் தொழிற்சாலைகளைத் தடை செய்ய 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு மத்திய அரசுக்கு வழி செய்கிறது. நீலகிரியின் ஓடைகளையும், குடகில் காவிரியின் தலைப்பகுதியையும் இப்பிரிவுகளின் கீழ் கொண்டுவரச் சட்டத் தடை ஏதுமில்லை.

காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹசீர் மீன், மிக அருகி அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் 2018-ல் பட்டியலிடப்பட்டது. சுற்றியுள்ள ஏரிகளை இழந்த பெங்களூரு தனது குடிநீருக்கு ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவிலுள்ள காவிரியையே நம்பியிருக்கிறது. மீனுக்கும் மாநகருக்கும் தேவைப்படுவது ஒரே ஆற்றின் நல்ல நீர்தான்.

கெட்டபின் சீராக்குவதன் செலவும் நாடு அறிந்ததே. கங்கைக்கான நமாமி கங்கே திட்டத்துக்கு 2015-ல் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது ரூ.20 ஆயிரம் கோடி. 2024-ம் ஆண்டுத் திருத்தத்தைப் பிற மாநிலங்கள் ஏற்க வேண்டுமெனில் அவற்றின் சட்டப்பேரவைகளில் தீர்மானம் நிறைவேற வேண்டும். அபராதத் தொகையை விவாதிக்கும் அந்த அவைகள், தங்கள் மாநிலத்தில் இன்னும் தூய்மையாக ஓடும் ஆறுகள் எவை என்ற பட்டியலையும் கேட்டுப் பெற்றால், சந்தாபுராவுக்குக் கிடைக்காத முன்காப்பு அவற்றுக்காவது கிடைக்கும்.