ஒரே செய்தி, இரண்டு சாய்வு

பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கும் எலப்புள்ளியில் வானொலியைத் திருகினால் கோவையிலிருந்து தமிழ் கேட்கும், திருச்சூரிலிருந்து மலையாளம் கேட்கும். இரண்டுமே ஆகாசவாணிதான். இரண்டு மொழியிலும் வரும் புகாரும் ஒன்றுதான்: செய்தி ஒருதலைப்பட்சம். இதில் செய்தியின் பங்கு எவ்வளவு, கேட்பவர் மனத்தின் பங்கு எவ்வளவு?

மனத்தின் பங்கை அளந்திருக்கிறார்கள். 1982இல் பெய்ரூட்டின் அகதி முகாம்களில் பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டு, இஸ்ரேல் மீதும் பழி எழுந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 144 பேருக்குக் காட்டினார்கள். அரபு ஆதரவாளர்கள் இஸ்ரேல் பற்றிய குறிப்புகளில் 42 சதவீதம் சாதகமானவை என்றார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கோ 16 சதவீதம்தான் சாதகமாகப் பட்டது. பார்த்தது அதே படச்சுருள்! இதற்கு ஊடகப் பகைத் தோற்றம் என்று பெயர் வைக்கலாம். நடுநிலைச் செய்தியும் நமக்கு எதிரியாகத் தெரிவது. இன்னொரு வியப்பு: விஷயம் தெரிந்தவர்களுக்குத்தான் சாய்வு கூடுதலாகத் தெரிந்தது.

அப்படியானால் எல்லாமே பிரமையா? இல்லவே இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் அரசின் குரலாகவே இருந்தன. 1977 பிப்ரவரியில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகள் பொதுக்கூட்டம் நடத்திய நேரம் பார்த்து, கூட்டத்தை வீட்டிலேயே இருத்திவைக்க, தூர்தர்ஷனில் 'பாபி' படம் போட்டார்கள். அரசுப் பிடியைத் தளர்த்தப் பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று.

நிஜமான சாய்வைப் பிடிக்க எளிய கருவி கடிகாரம். 2019 மக்களவைத் தேர்தலின்போது, ஒரு மாதத்துக்கும் குறைவான காலத்தில், தூர்தர்ஷன் அலைவரிசைகள் பாஜகவுக்கு ஏறத்தாழ 160 மணி நேரமும் காங்கிரசுக்கு 80 மணி நேரமும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 8 மணி நேரமும் கொடுத்திருந்தன. இடைவிடாமல் ஓட்டினால் பாஜக பங்கு ஆறரை நாளைத் தாண்டும். சமமாக நடந்துகொள்ளுங்கள் என்று தேர்தல் ஆணையம் கண்டித்தது.

எதற்குச் சமமாக? இங்கேதான் கணக்கு சுவைக்கிறது. 2014இல் பாஜக வென்றவை 282 இடங்கள், காங்கிரஸ் 44. இடக் கணக்கில் ஆறு மடங்குக்கு மேல் கொடுக்கலாம். வாக்கோ 31க்கு 19 சதவீதம். அந்தக் கணக்கில் இரண்டு மடங்குகூட அதிகப்படிதான். 3 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்கு வாங்கிய மார்க்சிஸ்ட் கட்சிக்குப் பாஜக நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது வந்திருக்க வேண்டும். கிடைத்தது இருபதில் ஒன்று. எலப்புள்ளி இருக்கும் மலம்புழா சட்டமன்றத் தொகுதியிலோ அக்கட்சியின் வி.எஸ். அச்சுதானந்தன் 2001 முதல் நான்கு முறை வென்றவர். அங்கிருந்து பார்த்தால் அந்த 8 மணி நேரம் இன்னும் சிறுத்துத் தெரியும்.

கட்சிகளின் தேர்தல் உரைகளுக்கு ஆணையம் அழகான வழி வைத்திருக்கிறது: அடிப்படை நேரம் எல்லாருக்கும் சமம், கூடுதல் நேரம் முந்தைய தேர்தலின் வாக்குப்படி, யார் எப்போது பேசுவது என்பது குலுக்கலில். செய்திக்கு அப்படியொரு விதி கிடையாது. அடுத்த தேர்தலில் செய்தி ஓடும்போது கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களைக் குறித்துவையுங்கள். உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் நிமிடங்களை அக்கட்சி அனுதாபி ஒருவரையே குறிக்கச் சொல்லுங்கள்.