பழைய மோட்டார் வண்டியின் ஓசையும் பழுதும்

தாதர் ரயில் நிலையத்தின் வாயிலில் பல ஆண்டுகள் அணிவகுத்து நின்றவை கறுப்பும் மஞ்சளும் பூசிய பியட் டாக்சிகள். குர்லாவிலிருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் 1964 முதல் ‘1100 டிலைட்’ என்றும், பின்னர் ‘பிரீமியர் பத்மினி’ என்றும் இவ்வண்டி உருவாயிற்று. 2023 அக்டோபர் இறுதியோடு இவை மும்பையின் டாக்சித் தொழிலிலிருந்து விடைபெற்றன. எனினும் தனியார் சிலர் இவற்றை இன்றும் போற்றி ஓட்டி வருகின்றனர். 1,089 கன செ.மீ. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட இதன் எஞ்சினில் பழுதைக் கண்டு கூறும் மின்னணுக் கருவி ஏதுமில்லை. எனவே ஓசையே முதற் சாட்சியாகும்.

ஓசை எவ்வாறு ஒலிக்கிறது என்பதைக் காட்டிலும், எப்போது ஒலிக்கிறது என்பதே முக்கியம். முதலில் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினின் வேகத்தை மெல்லக் கூட்டுக. ஓசையும் உடன் விரைந்தால் பழுது எஞ்சினிலோ அதனோடு சுழலும் உறுப்புகளிலோ உள்ளது. நின்ற வண்டியில் கேளாத ஓசை, ஓடும்போது மட்டும் எழுந்து, சக்கரத்தின் வேகத்துக்கேற்பக் கூடிக் குறையுமாயின், சக்கர பேரிங், பின் அச்சு ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். கிளச்சு மிதியை அழுத்தும்போது மட்டும் தோன்றும் இரைச்சல், பெரும்பாலும் கிளச்சை விடுவிக்கும் பேரிங்கின் தேய்வைக் குறிக்கும்.

அடுத்து ஓசையின் தாளத்தைக் கவனிக்க. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழல்கையில், வால்வுகளை இயக்கும் காம் தண்டு ஒருமுறையே சுழலும். கிராங்க் தண்டு நிமிடத்திற்கு 600 முறை, அதாவது நொடிக்கு 10 முறை சுழன்றால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 5 முறையே திறக்கும். இக்கணக்கை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதில் விளக்கலாம். எஞ்சினின் மேற்பகுதியில் இவ்வாறு பாதி வேகத்தில் எழும் மெல்லிய ‘டிக், டிக்’ ஒலி, வால்வு இடைவெளி மிகுந்திருப்பதைக் காட்டும். கையேட்டில் குறித்த அளவுக்கு இடைவெளியைத் திருத்தினால் பெரும்பாலும் இது தீரும்.

எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து கனத்த தட்டலாக எழும் ஓசையோ அபாயமானது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் தண்டின் பேரிங் தேய்ந்தால் இவ்வோசை எழும். எண்ணெய் அழுத்த விளக்கும் உடன் எரிந்தால் அக்கணமே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். வீடு அருகில்தானே என்று ஓட்டிச் சென்றால், பேரிங் மாற்றுவதோடு முடியக்கூடிய செலவு, கிராங்க் தண்டைக் கடைய வேண்டிய செலவாக வளரும். இணைப்புத் தண்டு முறிந்து எஞ்சினே பாழாதலும் உண்டு.

குளிர்ந்த எஞ்சினில் தோன்றி, சூடேறியதும் மறையும் தட்டல் பெரும்பாலும் சிலிண்டருள் பிஸ்டன் தளர்ந்தாடுவதால் வருவது. இது உடனடி ஆபத்தன்று. திலகர் பாலம் போன்ற ஏற்றங்களில் மட்டும் மணிகள் குலுங்குவதுபோல் கேட்பது, எரிபொருள் முறைதவறி வெடிப்பதாலாகும். தீப்பொறி உரிய காலத்துக்கு முன்னரே எழுதல், சிலிண்டருள் கரி படிதல், எரிபொருளின் ஆக்டேன் எண் குறைதல் ஆகியவை இதற்குக் காரணங்கள்.

சோதிக்கும்போது விசிறியின் அருகே தளர்ந்த ஆடையோடு குனிதல் கூடாது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டுதலும் கூடாது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் போக்கும். ஓசை எழும் இடம், அதன் தாளம், சூட்டாலும் பாரத்தாலும் அது மாறும் விதம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் கூறுக. தேவையின்றி எஞ்சினைப் பிரிக்கும் செலவு பெரும்பாலும் இதனால் தவிரும்.