கொடுப்பவர் ஒருவர், இடிப்பவர் ஒருவர்

வீட்டைச் செப்பனிடப் பணம் கொடுக்கிறவனுக்கு, எந்தச் சுவரை இடிப்பது, எதை நிறுத்துவது என்று கேட்கும் உரிமை உண்டா, இல்லையா? உண்டு என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். ஆனால் வீடு ஒரு நகரமாகவும், செப்பனிடுகிறவர் சர்க்காராகவும் இருந்துவிட்டால், இந்தச் சாதாரண நியாயம் எங்கேயோ ஒளிந்துகொள்கிறது. பம்பாய் நகரின் சரித்திரம் இதற்கு நல்ல அத்தாட்சி.

1896-ஆம் வருஷம் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில் பிளேக் நோய் தோன்றியது. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டு ஓடினார்கள், வர்த்தகம் ஸ்தம்பித்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று அதிகாரிகள் தீர்மானித்தார்கள். அவற்றை இடிக்கவும், அகலமான வீதிகள் போடவும், நகரை வடக்கே விஸ்தரிக்கவும் 1898-இல் சட்டம் இயற்றி, நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார்கள்.

அப்போது பம்பாயில் மாநகரசபை இல்லாமல் போகவில்லை. 1888-ஆம் வருஷத்துச் சட்டப்படி 72 அங்கத்தினர் கொண்ட சபை நடந்து வந்தது. அவர்களில் 36 பேரை வட்டாரங்களின் வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தார்கள். இருந்தும் இந்தப் பெரிய காரியத்தை அந்தச் சபையிடம் ஒப்படைக்கச் சர்க்காருக்கு மனம் வரவில்லை. டிரஸ்டின் 14 தர்மகர்த்தாக்களில் மாநகரசபை தேர்ந்தெடுத்தவர் 4 பேர்தான். வர்த்தக சபைக்கும் ஆலை முதலாளிகள் சங்கத்துக்குங்கூட அதில் ஸ்தானம் இருந்தது. தலைவரை நியமித்தது சர்க்கார். மாநகரசபையோ தன் வருமானத்தில் ஒரு பங்கை வருஷந்தோறும் டிரஸ்டுக்குச் செலுத்தியாக வேண்டும். கப்பம் கட்டும் சிற்றரசன் நிலைமைதான் அது!

டிரஸ்ட் நன்மையே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். கடற்காற்று நகரின் உட்புறத்துக்கு வரவேண்டுமென்று ஸாண்ட்ஹர்ஸ்ட் ரோடும் பிரின்ஸஸ் வீதியும் போட்டார்கள். தாதர், மாதுங்கா பகுதிகள் ஒழுங்கான வீதிகளோடு எழுந்தன. பின்னால் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாகக் குடியேறி, கோயிலும் பள்ளிக்கூடமும் அமைத்து வாழ்ந்த மாதுங்கா, இந்த டிரஸ்டின் திட்டத்தில் உருவானதே. ஆயினும் இடித்த வேகத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டவில்லை. வீடிழந்தவர்கள் பக்கத்துத் தெருவின் நெரிசலில் புகுந்தார்கள். நெரிசலைக் குறைக்க வந்த திட்டமே நெரிசலை வளர்த்தது.

பணம் நம்முடையது, அதிகாரம் வேறொருவருடையதா என்னும் கேள்வி மாநகரசபையில் ஓயவில்லை. கடைசியில், டிரஸ்டை மாநகரசபைக்கு மாற்றுவதற்கு 1925-இல் சட்டம் பிறந்தது. 1933-இல் அது முற்றிலும் சபையோடு கலந்துவிட்டது. ஜனப் பிரதிநிதிகளுக்கு இது வெற்றியே.

ஆனால் முழு வெற்றியா? மாநகரசபையிலே வீட்டுச் சொந்தக்காரர்களின் செல்வாக்கு மிகுதி. இடிபட்ட அறையில் வாடகைக்கு இருந்த ஆலைத் தொழிலாளிக்கு வோட்டு ஏது? 1948-இல் வயது வந்தோர் எல்லோருக்கும் வோட்டுரிமை அளித்துத் தேர்தல் நடந்த பிறகே, மேற்பார்வை பார்க்கும் சபையில் அவன் குரலுக்கும் மதிப்பு ஏற்பட வழி பிறந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 1995-இல் அதே நகரத்தில் குடிசைப் பகுதிகளைப் புனரமைக்க ஒரு தனி அதிகார ஸ்தாபனம் தோன்றியது. அதன் தலைமை மாநில முதல் மந்திரியிடம், மாநகரசபையிடம் அல்ல. 2022 மார்ச்சுக்குப் பின் மூன்று வருஷங்களுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகரசபையே இல்லாமல், சர்க்கார் நியமித்த அதிகாரி நிர்வாகம் நடத்தினார். கேள்வி கேட்க ஆள் இல்லாத காலத்தில் இடிப்பது மிகவும் சுலபம்.

நகரங்கள் புதுப்பிக்கப்படத்தான் வேண்டும். இருளடைந்த சந்துகளை நாம் விரும்பவில்லை. ஆனால் எந்த ஊரிலே இத்தகைய ஸ்தாபனம் ஏற்பட்டாலும் நம் குடும்பத்தார் மூன்று விஷயங்களை விசாரிக்கவேண்டும். அதன் கணக்கை யார் பார்க்கிறார்கள்? அதன் தலைவரை யார் நீக்க முடியும்? வீடு இடிபடுகிறவனுக்கு அந்தச் சபையில் வோட்டு உண்டா? இம்மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்காத இடத்தில், கடப்பாரையைக் கொஞ்சம் பொறுத்து எடுக்கச் சொல்வதே பிரஜைகளின் கடமை.