சட்டனூகாவில் குடியேறுமுன்

அமெரிக்காவின் தென் பாகத்தில், டென்னஸி நதிக்கரையில் உள்ளது சட்டனூகா நகரம். 1969-ல், தேசத்திலேயே காற்று மிக அசுத்தமான ஊர் என்று அபகீர்த்தி பெற்றது. இன்றோ மலையும் நதியும் சூழ்ந்த ரம்மியமான வாசஸ்தலம். உத்தியோக நிமித்தம் அங்கே குடியேற எண்ணும் நம்மவர்களுக்கு நாம் இரண்டொரு விஷயம் சொல்ல விரும்புகிறோம்.

டென்னஸி ராஜ்யத்தில் சம்பளத்துக்கு ராஜ்ய வருமான வரி கிடையாது என்பது மெய்யே. ஆனால் அரிசி பருப்புக்குக்கூட விற்பனை வரி உண்டு. ஆகவே குடும்பச் செலவைக் கணக்கிட்ட பிறகே மகிழ்ச்சியடையலாம்.

அதனினும் முக்கியமானது மோட்டார் வண்டி. 1890-ல் கட்டிய வால்நட் வீதிப் பாலம் 1993 முதல் கால்நடையாய்ச் செல்வோருக்கே உரியது. ஆயினும் தூரத்துப் பேட்டைகளில் வசிப்போர் அந்தப் பாலத்துக்குப் போகவே வண்டி வேண்டும்! கணவர் வண்டியுடன் காரியாலயம் சென்றுவிட்டால், மனைவிக்குப் பகல் முழுதும் வீடே சிறை. வீடு தேடுமுன் வீட்டு அம்மாளும் வண்டியோட்டக் கற்பது நலம்.