விஜயதசமி நிலா

சாமுண்டி மலை ஏறி, பௌர்ணமி நிலா கிளம்பும் நேரம் பார்த்து, 300 எம்எம் லென்ஸ் மாட்டி எடுத்தும் படம் மசமசவென்றுதான் வருகிறது, இன்னும் பெரிய லென்ஸ் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். டீயைக் குடியுங்கள் தம்பி. இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நேரத்தையும் நாளையும் மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் காசு கேட்காது.

முதலில் நேரம். தலைக்கு மேலே நிற்கும் நிலாவின் ஒளி கடந்து வரும் காற்றை ஒரு பங்கு என்று வையுங்கள். 30 டிகிரி உயரத்தில் அது இரண்டு பங்காகிறது, 10 டிகிரியில் ஐந்தரைப் பங்கு. அந்தக் காற்றும் சும்மா இருப்பதில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறை, தார்ச்சாலை, மொட்டை மாடி எல்லாம் இருட்டியதும் சூட்டைக் கக்குகின்றன. சூடும் குளிரும் புரளும்போது ஒளி நொடிக்குப் பலமுறை வளைகிறது. கேமரா திரையில் நிலாவின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல் மாதிரி நெளியும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸும் அந்த நெளிவைத்தான் பிடிக்கும். அடிவானத்து நிலா பெரிதாகத் தெரிகிறதே என்பீர்கள். அது மனசு காட்டும் வேடிக்கை. உச்சிக்கு வரும்போது இருப்பதைவிட அப்போது அது நமக்கு 6,000 கிலோமீட்டர் வரை தள்ளி இருக்கிறது. அளந்தால் ஒரு துளி சின்னதாகவே இருக்கும்.

ஆகவே நிலா உயர ஏறும்வரை பொறுங்கள். இந்த விஷயத்தில் மைசூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஊர் 12 டிகிரி வடக்கில், ஜவ்வாது மலையில் இருக்கும் நம் காவலூர் வானாய்வகத்துக்கு ஏறக்குறைய நேர் மேற்கே இருக்கிறது. மார்கழி, தைப் பௌர்ணமிகளில் நடு இரவில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். லண்டன்காரருக்கு ஜூன் மாதப் பௌர்ணமி எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டி ஏறுவதே பெரும்பாடு.

அடுத்து நாள். பௌர்ணமியன்று வெயில் நிலாவின் முகத்தில் நேராக விழுகிறது, பள்ளங்களுக்கு நிழலே இல்லை. கண் எதைக் கூர்மை என்று எடுத்துக்கொள்கிறது? நிழல் முடிந்து வெளிச்சம் தொடங்கும் ஓரத்தைத்தான். அந்த ஓரங்கள் குவிந்திருப்பது நிலாவின் இருட்டும் ஒளியும் சந்திக்கும் கோட்டை ஒட்டி. அங்கே அப்போதுதான் விடிகிறது. சின்ன மேட்டுக்குக்கூட நீண்ட நிழல். வளர்பிறை அஷ்டமி முதல் ஏகாதசி வரையான நாட்களை விட்டுவிட்டுப் பௌர்ணமிக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அதிலும் தசமி விசேஷம். காப்பர்நிக்கஸ் என்ற பெரும்பள்ளத்தின் மேல் சூரியன் உதிப்பது அன்றைக்குத்தான். 93 கிலோமீட்டர் அகலம், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஆழம். வட்ட விளிம்பு மட்டும் பளிச்சென்று இருக்க, அடித்தளம் மை இருட்டில் கிடக்கும். மறுநாள் பார்த்தால் உள்ளே நடுவில் நிற்கும் குன்றுகளும் தெரியும். உங்கள் 300 எம்எம் லென்ஸில் முழு நிலாவே சென்சாரில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தப் பள்ளத்துக்குச் சுமார் 20 பிக்சல் கிடைத்தால் அதிகம். ஆனாலும் நிழல் இருப்பதால் தெளிவாக எழுந்து நிற்கும்.

நம் ஊரில் தசமி என்றால் சொல்லவே வேண்டாம். விஜயதசமியன்று ஜம்பு சவாரி என்ற யானை ஊர்வலம் முடிந்து, தீப்பந்த அணிவகுப்புக்குக் கூட்டம் பன்னிமண்டபம் போகும் ஏழு, ஏழரை மணிக்கு நிலா தெற்கே 60 டிகிரி உயரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் ஊரில் ஒரு கேமராவும் அதன் பக்கம் திரும்பியிருக்காது. மழை வழிவிட வேண்டும், அவ்வளவுதான். தலைக்கு மேலே நட்சத்திரங்கள் பலமாகச் சிமிட்டினால் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காற்று அடங்கவில்லை என்று அர்த்தம். லேசான மூடாக்கு இருந்தும் சிமிட்டல் இல்லாத இரவு அதைவிட மேல்.

கேமராவை ஆட்டோவில் விடாதீர்கள். சுற்றியுள்ள கறுப்பைப் பார்த்து அது மிரண்டு, நிலாவை வெள்ளைத் தட்டாக்கிவிடும். நிலா வெயிலில் கிடக்கும் கரிய மண். மேலே விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. தசமி நிலாவுக்கு எஃப் 8, ஐஎஸ்ஓ 200, 1/200 நொடியில் தொடங்கி, கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஃபோகஸைக் கையால் வையுங்கள், நிழல் கோட்டில் ஒரு பள்ளத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு. லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம், பெரிய லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும். ட்ரைபாடை மாடியில் வைப்பதைவிடப் புல்தரையில் வைப்பது நல்லது. இரண்டு நொடி டைமர் போடுங்கள், விரல் ஆட்டம் படத்தில் ஏறாது.

ஒரு படத்தோடு நிறுத்தவும் வேண்டாம். கொந்தளிப்புக்கு நடுவே காற்று அவ்வப்போது ஒரு கணம் அடங்கும். 100 படங்களோ, ஒரு நிமிட வீடியோவோ எடுத்தால் அந்தக் கணங்களில் சில உள்ளே வந்துவிடும். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் தேறியவற்றைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். பத்துக்கு ஒன்று தேறினாலும் போதும். சில கைபேசிகள் இந்தச் சிரமமெல்லாம் இல்லாமல் இல்லாத நுணுக்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன. அதைப் படம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரண்மனையும் நிலாவும் சேர்ந்து வேண்டுமென்றால் அது வேறு கணக்கு. அங்கே பள்ளம் எண்ண முடியாது. அரண்மனை கிழக்கு பார்த்தது, எனவே நவராத்திரியின் மூன்றாம், நான்காம் நாள் பிறை அதன் பின்பக்கமாக, தென்மேற்கில் இறங்கும். முன்முற்றத்தில் வடகிழக்கு ஓரமாக நின்றால் கோபுரத்தருகே வரும். பிறையின் ஒளி மங்கல் என்பதால் அரண்மனையின் லட்சம் பல்புகளோடு ஓரளவு ஒத்தும் போகும். எட்டு மணி சுமாருக்கு அது மறைந்துவிடும்; ஏழு மணிக்கு விளக்கு போடுவதற்கு முன்பே இடம் பிடித்துவிடுங்கள்.